ஆர்ட் ஸ்கூல் நண்பர்கள் ராக் பேண்ட் ஆன கதையில் ஆர்ட் ஸ்கூலின் பங்கு எவ்வளவு?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதம் இது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஆர்ட் ஸ்கூல் நண்பர்கள் ஆரம்பித்த ராக் பேண்ட் என்று ஃபிரான்ஸ் ஃபெர்டினான்டைப் பற்றி எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. இசை படிக்காத அவர்கள் எப்படி இரண்டு மூன்று வருடத்தில் உலகம் முழுக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள்? நுண்கலைக் கல்லூரியில் படிக்கும் நீங்கள் நாலு பேரும் அதே வழியில் போகலாமா? கீழ் ஸ்வரங்கள் வாசிக்கிற பேஸ் கிடாருக்கு ஆளில்லை, ஓவியம் படிக்கிற தோழி ஒருத்தி புதிதாகக் கற்றுக்கொள்கிறேன் என்கிறாள், அது சரிப்படுமா? இதற்கெல்லாம் அடியில் ஒரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: முறையான பயிற்சி இல்லாமல், ரசனையும் நட்பும் மட்டும் இருந்தால் போதுமா என்பது. அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. ஆனால் நாலு பேருக்கும் பயிற்சி இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் சின்ன அரங்குகளில் லைவ் சவுண்ட் செய்கிறவன், இந்த வேலையில் பல வருடம் ஓடிவிட்டது. புதுப் பேண்டுகள் முதல் முறை மேடை ஏறுவதையும் கொஞ்ச நாளில் கலைந்து போவதையும் மிக்ஸருக்குப் பின்னால் நின்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஃபிரான்ஸ் ஃபெர்டினான்டுடன் எனக்கு எந்த நேரடிப் பழக்கமும் கிடையாது. அதனால் பதிவில் இருக்கிற விஷயம், அவர்களே பேட்டிகளில் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதை, என் சொந்த ஊகம், இந்த மூன்றையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அந்த 'ஆர்ட் ஸ்கூல் நண்பர்கள்' என்ற வர்ணனையையே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். நாலு பேரில் அந்தக் கல்லூரியில் மாணவராக இருந்தவர் பேஸ் வாசித்த பாப் ஹார்டி ஒருவர்தான். ஓவியம் படித்துக்கொண்டிருந்தார். பாடகர் அலெக்ஸ் காப்ரனோஸ் அங்கே படிக்கவில்லை. அபர்டீனில் கொஞ்ச காலம் இறையியல், அப்புறம் கிளாஸ்கோ ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம், நடுநடுவே சமையல்காரர் வேலை என்று போனது அவர் வழி. ஹார்டியும் அவரும் பழகியது எந்த ஸ்டூடியோ வகுப்பிலும் இல்லை, இரண்டு பேரும் வேலை பார்த்த ஒரு உணவகத்தின் சமையலறையில். கிடாரும் கீபோர்டும் வாசித்த நிக் மெக்கார்த்தி ஜெர்மனியின் பவேரியாவில் வளர்ந்து, மியூனிக் இசைக் கல்லூரியில் பியானோவும் டபுள் பேஸும் முறையாகப் படித்தவர். டிரம்மர் பால் தாம்சன் ஆர்ட் ஸ்கூலுக்குள் போனது உண்மைதான், ஆனால் வரைகிற மாணவர்களுக்கு மாடலாக நிற்பதற்காக. ஆக, நாலு பேரும் அந்தக் கல்லூரியின் காற்றைச் சுவாசித்தவர்கள், ஒருவர்தான் அங்கே வருகைப் பதிவேட்டில் இருந்தவர்.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு, கட்டுரைகளில் அது ஒரு வரியில் கடந்து போய்விடும். 2004-இல் அவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவந்தபோது காப்ரனோஸுக்கு 31 வயது. அதற்கு முன்னால் பத்து வருடத்துக்கு மேல் கிளாஸ்கோவின் சின்னச் சின்ன மேடைகளில்தான் கிடந்தார். தி கரேலியா என்று ஒரு பேண்ட், தி யம்மி ஃபர் என்று இன்னொன்று, இரண்டாவதில் தாம்சனும் இருந்தார். பெரிய பெயர் எதுவும் கிடைக்கவில்லை. 'தேர்ட்டீன்த் நோட்' என்ற பாரில் யார் எந்த இரவு வாசிப்பது என்று ஏற்பாடு செய்கிற வேலையையும் அவரே பார்த்தார். தொண்ணூறுகளில் மோக்வாய் போன்ற ஊர்ப் பேண்டுகள் ஆரம்பத்தில் வாசித்த இடம் அது. நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவன் நிலையில் நின்று பார்க்கிறபோது நிறைய விஷயம் புரியும்: எந்தப் பாட்டில் கூட்டம் பார் பக்கம் நகர்கிறது, எந்த இடத்தில் திரும்பி வருகிறது, நாற்பது நிமிடம் என்பது எவ்வளவு நீளம். எந்தக் கல்லூரியும் அதைச் சொல்லித் தராது. 'திடீர் வெற்றி' என்று நாம் படிப்பது இந்தப் பத்து வருடத்தை விட்டுவிட்டு, கடைசி இரண்டை மட்டும் எண்ணுகிற கணக்கு.

இனி அவர்கள் சொல்லும் கதைகள். பெல் அண்ட் செபாஸ்டியன் பேண்டின் டிரம்பெட் வாசிப்பாளர் மிக் குக், ஏதாவது உருப்படியாகச் செய்வதாக இருந்தால் எடுத்துக்கொள் என்ற நிபந்தனையோடு தன் பேஸ் கிடாரை காப்ரனோஸுக்குக் கொடுத்தாராம். அதைத்தான் காப்ரனோஸ் ஹார்டியின் கையில் திணித்திருக்கிறார். நான் ஓவியன், இசைக்காரன் இல்லை என்று ஹார்டி சொல்ல, இரண்டும் ஒன்றுதானே என்று காப்ரனோஸ் மடக்கினாராம். மெக்கார்த்தி வந்தது இன்னும் வேடிக்கையானது. ஒரு பார்ட்டியில் தன் வோட்காவை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தவரிடம் காப்ரனோஸ் சண்டைக்குப் போய், அது முடிகிற கட்டத்தில் டிரம்ஸ் வாசிப்பாயா என்று கேட்க, மெக்கார்த்தி தெரியாமலே தெரியும் என்று சொல்லி உள்ளே வந்தாராம். டிரம்மரான தாம்சனுக்கு அப்போது கிடார் வாசிக்க ஆசை, இரண்டு பேரும் அப்புறம் இடம் மாறிக்கொண்டார்கள். இந்தக் கதைகளின் சாரத்தை நம்பலாம் என்றே நினைக்கிறேன். வசனங்களை நூறு சதவீதம் நம்ப வேண்டியதில்லை, நூறு பேட்டியில் சொன்ன எந்தக் கதைக்கும் அது பொருந்தும்.

சரி, அப்படியானால் ஆர்ட் ஸ்கூல் என்னதான் கொடுத்தது? என் பார்வையில் மூன்று விஷயம்: தயாராக இருந்த ஒரு கூட்டம், ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிற துணிச்சல், கண்ணால் யோசிக்கிற பழக்கம். 2002-இல் அவர்கள் முதல் முறை வாசித்தது எந்த கிளப்பிலும் இல்லை, தோழிகள் வீட்டில் வைத்த ஒரு ஓவியக் காட்சியில். பெண்கள் ஆடுகிற மாதிரி இசை வேண்டும் என்பதுதான் தங்கள் குறிக்கோள் என்று அப்போதிலிருந்தே சொல்லிவந்தார்கள். இதை விளம்பர வாசகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கைகட்டி நின்று தலையாட்டுகிற கூட்டத்துக்கு வாசிப்பதா, ஆட வந்த கூட்டத்துக்கு வாசிப்பதா என்பது டிரம்ஸ் எப்படி விழ வேண்டும் என்பதிலிருந்து பாட்டின் நீளம் வரை எல்லாவற்றையும் மாற்றும். காட்சி பார்க்க வந்த மாணவர்கள் எதற்கு அசைகிறார்கள் என்பது அவர்களுக்கு முதல் நாளிலேயே எதிரில் தெரிந்தது.

அப்புறம் அந்தக் கட்டடம். கிளைடு நதிக்குப் பக்கத்தில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த, ஆர்ட் டெகோ என்ற கட்டடக்கலைப் பாணியில் கட்டிய ஒரு பழைய கிடங்கைப் பிடித்து, அதற்கு 'தி ஷாட்டோ' என்று பெயர் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அங்கேயே ஓவியக் காட்சியும் இசையும் குடியுமாக இரவு நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். உரிமம் கிடையாது. கூட்டம் பெருகி, சத்தம் வெளியே போய், ஒரு நாள் போலீஸ் வந்து காப்ரனோஸைக் கைது செய்தது. குற்றச்சாட்டுகள் பின்னால் கைவிடப்பட்டன. அதற்கப்புறம் விக்டோரியா காலத்து நீதிமன்றமும் சிறையுமாக இருந்த ஒரு பழைய கட்டடத்துக்கு ஒத்திகையை மாற்றினார்கள். கப்பல் கட்டும் தொழிலும் கனரகத் தொழிலும் விழுந்த பின் கிளாஸ்கோவில் இப்படிக் காலியாகக் கிடந்த கட்டடங்களுக்குக் குறைவே இல்லை. அந்த வசதி எல்லா ஊருக்கும் வாய்க்காது.

ஆனால் காலிக் கட்டடம் இருந்தால் மட்டும் ஆகாது, அதைப் பார்த்தவுடன் இங்கே ஏதாவது செய்யலாம் என்று தோன்ற வேண்டும். கிளாஸ்கோவில் அந்தப் பழக்கம் வெகு காலமாகவே ஊறியிருந்தது. ஊரில் கேலரிகள் தங்களைக் கண்டுகொள்ளவில்லை என்று ஆர்ட் ஸ்கூலில் படித்து முடித்தவர்கள் 1983-இல் 'டிரான்ஸ்மிஷன்' என்ற கேலரியைத் தாங்களே ஆரம்பித்து, கலைஞர்கள் குழுவாக நடத்திவந்தார்கள். ஃபிரான்ஸ் ஃபெர்டினான்டின் இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பாட்டில் அந்தக் கேலரியின் பார்ட்டியே வருகிறது. 1985-இல் டேவிட் ஹார்டிங் என்பவர் அதே ஆர்ட் ஸ்கூலில் சூழல் கலை என்று ஒரு துறையைத் தொடங்கினார். ஒரு படைப்பில் பாதி அது வைக்கப்படுகிற இடமும் சூழலும்தான் என்பது அங்கே மந்திரம் மாதிரி. மாணவர்கள் கல்லூரிச் சுவரை விட்டு வெளியே போய், தெருவிலும் கட்டடங்களிலும் அனுமதி கேட்டு வாங்கி வேலை செய்ய வேண்டும். டக்ளஸ் கார்டன் அங்கே படித்தவர், 1996-இல் பிரிட்டனின் சமகாலக் கலைக்கான டர்னர் பரிசு வாங்கினார். ஷாட்டோ நிகழ்ச்சிகள் இந்த மரபின் நேரடித் தொடர்ச்சி என்று எந்த ஆவணமும் சொல்வதில்லை, இது என் ஊகம். ஆனால் மேடை கிடைக்கும்வரை காத்திருக்காமல் மேடையையே செய்துகொள்வது அந்த ஊர்க் கலைஞர்களுக்கு அன்றாட விஷயமாக இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

இசைக்கு வருகிறேன், எனக்கு நெருக்கமான பகுதி இதுதான். 2004 ஜனவரியில் வெளியான 'டேக் மீ அவுட்' பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் ஒரு முறை கவனித்துக் கேளுங்கள். முதல் ஒரு நிமிடம் போல ஒரு வேகமான, வழக்கமான இண்டி (பெரிய லேபிள்களுக்கு வெளியே வளர்ந்த ராக்) கிடார் பாட்டு. அப்புறம் எல்லோரும் சேர்ந்து வேகத்தை மெல்ல இழுத்துக் குறைத்து, கிட்டத்தட்ட வேறொரு பாட்டுக்குள் இறங்குகிறார்கள். ஒவ்வொரு தாளத்துக்கும் காலால் மிதிக்கிற டிஸ்கோ நடை, அதன்மேல் அந்தக் கிடார் வரி. வேகமான பகுதியும் மெதுவான பகுதியும் ஒரே வேகத்தில் ஒட்டவே இல்லை, அதனால் வேகமானதையெல்லாம் முன்னாலும் மெதுவானதையெல்லாம் பின்னாலும் வைத்துவிட்டோம் என்று காப்ரனோஸ் விளக்கியிருக்கிறார். பாப் பாட்டில் நடுவே வேகத்தைக் குறைப்பது ஆபத்தான வேலை, ஆடுகிறவர்கள் கால் தடுமாறி நின்றுவிடுவார்கள். இங்கே அந்த இறக்கம்தான் எல்லோரும் காத்திருக்கிற இடம். நாலு பேரும் ஒரே மாதிரி மூச்சு விட்டால் தவிர மேடையில் இதைச் செய்ய முடியாது. இதற்குப் பின்னால் இருப்பது ஆர்ட் ஸ்கூல் இல்லை, ஒத்திகை.

அதே பாட்டில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து இன்னொரு முறை கேளுங்கள். ஹார்டி எங்கேயும் வித்தை காட்டுவதில்லை. சுருக்கமாக, இடம் விட்டு, டிரம்ஸை ஒட்டியே நடக்கிறார். புதுப் பேண்டுகளுக்கு மிக்ஸ் செய்யும்போது எனக்கு வருகிற தலைவலி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: எல்லோரும் எல்லா நேரமும் வாசித்துக்கொண்டே இருப்பார்கள், எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரே இரைச்சலாக வரும். ஃபிரான்ஸ் ஃபெர்டினான்டின் முதல் ஆல்பத்தில் ஒவ்வொரு வாத்தியத்தைச் சுற்றியும் காற்று இருக்கிறது. ஓவியம் படித்தவனுக்குக் காகிதத்தில் எதை வெறுமையாக விட வேண்டும் என்று தெரிந்திருப்பது இதில் உதவியிருக்குமா என்று கேட்டால், இருக்கலாம். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் எடின்பரோவில் இருந்த ஜோசஃப் கே, ஃபயர் என்ஜின்ஸ் போன்ற பேண்டுகளின் வெட்டு வெட்டான கிடாரை அவர்கள் நன்றாகக் கேட்டு உள்வாங்கியிருந்தார்கள் என்பது அதைவிட உறுதியான காரணம். ஆல்பத்தை ஸ்வீடனின் மால்மோவில் டோரே ஜோஹான்சனிடம் போய்ப் பதிவு செய்தார்கள். அவர் தி கார்டிகன்ஸ் பேண்டோடு வேலை செய்தவர், பாப் இசையின் சுத்தம் அறிந்தவர். அந்தக் காற்றோட்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

கண்ணால் யோசிப்பது என்று சொன்னேனே, அதில் ஆர்ட் ஸ்கூலின் கை பளிச்சென்று தெரிகிறது. 1920-களின் ரஷ்யாவில் கன்ஸ்ட்ரக்டிவிஸ்ட் என்ற கலை இயக்கத்தின் சுவரொட்டிகளிலிருந்து எடுத்த தடித்த எழுத்து, சாய்ந்த கோடுகள், நாலைந்து நிறம் என்று உறை, சுவரொட்டி, உடை வரைக்கும் ஒரே முகம் கொடுத்தார்கள். 2005-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் உறை, அந்த இயக்கத்தின் அலெக்சாண்டர் ரோட்சென்கோ 1924-இல் லில்யா பிரிக் என்ற பெண்ணை வைத்துச் செய்த புகழ்பெற்ற சுவரொட்டியின் அப்பட்டமான மறுவடிவம். 'டேக் மீ அவுட்' வீடியோவை ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் ஓடெல் வெட்டி ஒட்டிய கொலாஜ் பாணியில் இயக்கினார். இந்த ஒழுங்கு வந்தால் முகம் தெரியாத ஒரு பேண்டுக்கும் தூரத்திலேயே அடையாளம் கிடைத்துவிடும். உங்கள் நாலு பேரிடமும் இன்றைக்கே இருக்கிற சொத்து இதுதான். இதற்காக வேறு பேண்டுகள் பணம் கொடுத்து ஆள் தேடுகிறார்கள்.

பிரிட்டனில் இது புதிய கதையும் இல்லை. தி பீட்டில்ஸின் ஜான் லெனன் லிவர்பூல் ஆர்ட் காலேஜில் இருந்தவர், தி ஹூ பேண்டின் பீட் டவுன்ஷெண்ட் ஈலிங்கில், ராக்ஸி மியூசிக் பாடகர் பிரையன் ஃபெரி நியூகாஸிலில் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டனிடம் படித்தவர், கேங் ஆஃப் ஃபோர் பேண்ட் உருவானது லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையைச் சுற்றி. அந்தத் தலைமுறைகளுக்குக் கட்டணச் சுமை இல்லை, படிக்கும்போது அரசு உதவித்தொகையும் இருந்தது. மூன்று நாலு வருடம் வயிற்றுப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாமல் எதையாவது முயன்று பார்க்க முடிந்தது. கலைக்கல்விக்கும் ராக் இசைக்கும் மாயத் தொடர்பு இருப்பதாக எழுதுகிறவர்கள் இந்தப் பணக் கணக்கைப் பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. உங்களுக்கு அந்த வசதி இல்லையென்றால், அவர்களைப் போல் வேகமாக நகரவில்லையே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்.

நேரம் கூடி வந்ததும் பெரிய விஷயம். 2001-இல் நியூயார்க்கின் தி ஸ்ட்ரோக்ஸ் வந்த பிறகு கிடார் பேண்டுகளுக்கு மறுபடி காது கிடைத்தது. கிடாரையும் நடனத்தையும் சேர்க்கிற அலையும் அதே ஊரில் எழுந்தது. 2003-இல் லாரன்ஸ் பெல்லின் டொமினோ என்ற சுதந்திர லேபிள் இவர்களை எடுத்துக்கொண்டது. அந்த வருடம் செப்டம்பரில் வந்த முதல் சிங்கிள் டாப் 40-க்குள் வரவில்லை. நாலு மாதம் கழித்து 'டேக் மீ அவுட்' பிரிட்டிஷ் பட்டியலில் 3-ஆம் இடம். பிப்ரவரியில் ஆல்பமும் 3-ஆம் இடம், செப்டம்பரில் வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசு. இவையெல்லாம் பதிவில் இருப்பவை. ஆனால் ஏன் இவர்கள், ஏன் இதே கிடங்குகளில் இதே வருடங்களில் வாசித்த மற்ற பேண்டுகள் இல்லை என்று கேட்டால், உறுதியாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள். பாட்டு நன்றாக இருந்தது என்பது ஒரு காரணம். அந்தப் பாட்டு அந்த மாதத்தில் வந்தது இன்னொன்று. இரண்டையும் பிரித்து எடை போட யாரிடமும் தராசு இல்லை.

இப்போது உங்கள் விஷயம். நாலு பேரும் ஒரே அளவு புதியவர்கள் என்றால் கஷ்டம். கிளாஸ்கோ நால்வரில் மூன்று பேர் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள், ஒருவர்தான் புதியவர், அந்த விகிதம்தான் வண்டியை ஓட்டியது. குறிப்பாக டிரம்மர் அனுபவசாலியாக இருக்க வேண்டும். கல்லூரிக்கு வெளியிலிருந்தாவது, உங்களைவிடப் பத்து வயது பெரியவராக இருந்தாலும் பரவாயில்லை, ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். இன்னொன்று, பாட்டு யார் எழுதியது என்று முதல் பாட்டு முடிந்த அன்றே ஒரு காகிதத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் ஆல்பத்தின் பாட்டுகளில் பெரும்பகுதி காப்ரனோஸ், மெக்கார்த்தி பெயரில்தான் இருக்கிறது. அப்படி வைப்பதா, சமமாகப் பிரிப்பதா என்பது உங்கள் முடிவு. காசு வராத காலத்தில் பேசிவிடுவது சுலபம்.

உங்கள் தோழி பேஸ் கற்றுக்கொள்வது தாராளமாகச் சரிப்படும். முதல் சில மாதம் கிடார்காரர்கள் இல்லாமல், டிரம்மரும் அவளும் மட்டும் உட்கார்ந்து வாசிக்கட்டும். ஒவ்வொரு கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரத் தொகுப்புக்கும்) அதன் மூல ஸ்வரம் ஒன்றே போதும், ஆனால் அது காலால் மிதிக்கிற கிக் டிரம் விழுகிற அதே நொடியில் விழ வேண்டும், அதே அளவு முக்கியமாக, நிறுத்த வேண்டிய இடத்தில் விரலை வைத்துச் சத்தத்தை அடக்கத் தெரிய வேண்டும். புதிதாக வாசிக்கிறவர்கள் தொடங்குவதை மட்டும் பழகுகிறார்கள், நிறுத்துவதைப் பழகுவதில்லை. அரங்கில் கீழ்ச் சத்தம் குழம்பிப் போவது பெரும்பாலும் அதனால்தான். ஒத்திகையை ஃபோனில் பதிவு செய்து மறுநாள் சேர்ந்து கேளுங்கள். பேஸின் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் இப்போதைக்கு வாங்காதீர்கள், ஒத்திகை அறைகளில் பெரும்பாலும் ஒன்று இருக்கும். கையில் இருக்கிற பணத்துக்குக் கழுத்து வளையாத பழைய பேஸ் ஒன்றும், சுருதி சேர்க்க ஒரு டியூனரும் வாங்கினால் முதல் வருடத்துக்குப் போதும்.